நூலால் அடைய முடியாதது என்று நூலே சொன்னால், எதற்காகப் படிக்கிறோம்?

பொருநைவாசி (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு ஆறு ஆண்டுகளாக, நாள்தோறும் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் பகவத் கீதையையும் உபநிடதங்களையும் தமிழ் உரைகளின் துணையோடு வாசித்து வருகிறேன். கீதையின் 18 அத்தியாயங்களையும் மூன்று முறை முடித்திருக்கிறேன். ஈசம், கேனம், கடம், முண்டகம் ஆகிய நான்கையும் மூலத்தோடு படித்தேன். சாந்தோக்கியத்தில் பாதியில் நிற்கிறேன். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பதவுரையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஐயம் இதுதான். கீதையின் 16ஆம் அத்தியாயம் முடிகிற சுலோகத்தில், சாஸ்திரமே உனக்குப் பிரமாணம், அதாவது அளவுகோல் என்று கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்கிறான். அதே கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 46ஆம் சுலோகமோ, எங்கும் நீர் பெருகிக் கிடக்கும்போது ஒரு சிறு கிணற்றால் எவ்வளவு பயனோ அவ்வளவுதான் ஞானிக்கு எல்லா வேதங்களாலும் பயன் என்கிறது. கடோபநிடதத்தில் யமன் நசிகேதனிடம், இந்த ஆன்மா பிரவசனத்தாலும் (வேதம் ஓதி விளக்குவதாலும்) கிட்டாது, மேதையாலும் கிட்டாது, நிறையக் கேட்பதாலும் கிட்டாது என்று மூன்று கதவுகளையும் சாத்துகிறான். முண்டகம் இன்னும் ஒரு படி மேலே போய், நான்கு வேதங்களையும் அவற்றின் ஆறு அங்கங்களையும் சேர்த்து 'அபரா வித்தை', அதாவது கீழான கல்வி என்ற பட்டியலில் வைத்துவிடுகிறது. வேதமே தன்னை இப்படிச் சொல்லிக்கொண்டால், அதை நம்பிப் படிக்க உட்கார்ந்தவன் என்னதான் செய்வது?

இது வெறும் ஏட்டுச் சந்தேகமாக இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சென்ற மாதம் எங்கள் பூர்வீக வீட்டின் பொதுச்சுவர் குறித்து என் தம்பிக்கும் எனக்கும் பேச்சு தடித்தது. தெருவில் நின்று கத்தினேன். அன்று காலையில்தான், கோபத்திலிருந்து மயக்கம் பிறக்கிறது, மயக்கத்தால் நினைவு தவறுகிறது, நினைவு தவறினால் புத்தி கெடுகிறது என்ற கீதைச் சுலோகத்தை (2.63) படித்திருந்தேன். கோபத்தால் நினைவு தவறும் என்கிற அந்தச் சுலோகம், கோபத்தின் நடுவே எனக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவில் இருந்தது. அதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்தது.

படித்தது போதவில்லையா, படித்த முறை தவறா, அல்லது நூல் என்பதே இந்த வழியில் ஓர் எல்லைக்கு மேல் வராத வண்டியா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


கூடல்நகர்:

ஐயா, வணக்கம். நான் சில ஆண்டுகளாக ஓர் ஆசிரியரிடம் பாஷ்ய பாடம், அதாவது சங்கரரின் உரைப் பாடம் கேட்டு வரும் மாணவன் மட்டுமே. அங்கே கேட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எடுத்துக் காட்டிய இடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் முரண்பாட்டில் பாதி அங்கேயே கரைந்துவிடும். 16ஆம் அத்தியாயச் சுலோகம் எந்தக் காரியத்தில் சாஸ்திரம் பிரமாணம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது: செய்யத் தக்கது எது, தகாதது எது என்று முடிவு செய்யும் இடத்தில். அங்கே பேசப்படுவது ஒழுக்கம். ஆன்ம ஞானம் அன்று. கிணற்றுச் சுலோகத்தில் 'அறிந்தவனுக்கு' என்ற சொல் இருக்கிறது. வெள்ளத்தின் நடுவில் நிற்பவனைப் பற்றிய வாக்கியம் அது. தாகத்தோடு வெயிலில் நிற்பவன் அதைப் படித்துவிட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடக் கூடாது. முண்டகத்தைப் பொறுத்தவரை, அங்கே வேதம் என்று சொல்லப்படுவது சொற்களின் தொகுதி என்றும், உபநிடதத்தின் வழியாக அட்சரமாகிய (அழியாத) பிரம்மத்தை அறிகிற அறிவே பரா வித்தை, அதாவது மேலான கல்வி என்றும் சங்கரர் பிரித்துக் காட்டுகிறார். வரைபடத்தை மனப்பாடம் செய்தவனும் ஊர் போய்ச் சேர்ந்தவனும் ஒன்றல்ல என்பதற்கு மேல் அதில் வேதநிந்தை எதுவும் இல்லை.

கடோபநிடத மந்திரம்தான் முக்கியமானது. 'நிறையக் கேட்பதாலும் கிட்டாது' என்ற இடத்தில் சங்கரர் 'கேவலேன' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். வெறும் கேள்வியால் மட்டும் கிட்டாது என்பது அதன் பொருள். அது உரைகாரர் தம் வசதிக்காகச் செருகிய சொல் என்று எண்ண வேண்டாம். அதே வல்லியில் (பகுதியில்) சற்று முன்னால், இந்த அறிவு தருக்கத்தால் பெறத் தக்கதன்று, வேறொருவர் சொல்லக் கேட்டால்தான் நன்கு அறியப்படும் என்று யமனே நசிகேதனிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே கேட்பதை அவன் விலக்கவில்லை. நீங்கள் மேற்கோள் காட்டிய மந்திரம் 1.2.23. அதற்கு அடுத்த மந்திரத்தை ஒரு முறை பாருங்கள். தீய நடத்தையிலிருந்து விலகாதவன், அமைதி அடையாதவன், மனம் ஒருமைப்படாதவன், உள்ளம் தணியாதவன் இதனை அடைய மாட்டான் என்கிறது. தெருவில் நின்று கத்திய அன்று உங்களுக்கு வேண்டியிருந்தது 23 அன்று, 24.

இனி, நூல் என்ன செய்யும் என்ற கேள்விக்கு வருகிறேன். பத்தாவது ஆளின் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒன்பது பேர்தான் இருக்கிறோம், ஒருவன் வெள்ளத்தோடு போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். வழிப்போக்கன் ஒருவன் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, 'பத்தாவது ஆள் நீதான்' என்கிறான். வேதாந்த ஆசிரியர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேடிக்கைக்காக அன்று. அந்த வழிப்போக்கனின் சொல் புதிதாக ஓர் ஆளை உண்டாக்கவில்லை. ஆற்றிலிருந்து யாரையும் மீட்டுக் கொண்டுவரவும் இல்லை. இருந்த பிழை ஒன்றை நீக்கியது, அவ்வளவே. சொர்க்கத்தைப் பற்றிச் சொன்னால் அந்தச் சொல் ஒரு செய்தியாக மட்டுமே நிற்கும், ஏனென்றால் சொர்க்கம் கேட்பவனுக்கு எதிரே இல்லை. 'நீதான்' என்று சொன்னால், கேட்பவனே அங்கே இருப்பதால் சொல் நேராகக் காட்சியாகிவிடலாம். இதையே பரோட்ச ஞானம் (மறைமுக அறிவு), அபரோட்ச ஞானம் (நேரடி அறிவு) என்று பிரிக்கிறார்கள். 'அது நீ' என்பது போன்ற மகாவாக்கியம் தானே அபரோட்ச ஞானத்தைத் தருமா, அல்லது தியானத்தால் பண்பட்ட மனம்தான் அதற்குக் கருவியா என்பதில் அத்வைதிகளுக்குள்ளேயே விவரணப் பள்ளியும் பாமதிப் பள்ளியும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் இப்போதைக்கு அந்த வழக்கில் தீர்ப்பு வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாவது ஆளைத் தேடாதவனிடம், தெருவில் சும்மா போய்க்கொண்டிருப்பவனிடம், 'பத்தாவது ஆள் நீ' என்று சொன்னால் அவன் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். தேடி அழுதவனுக்குத்தான் அந்தச் சொல் வேலை செய்தது. சாதன சதுஷ்டயம் (நான்கு தகுதிகள்) என்று விவேகத்தையும் வைராக்கியத்தையும் சமம் (மன அடக்கம்) முதலான ஆறு பண்புகளையும் முமுட்சுத்துவத்தையும் (விடுதலை வேட்கையையும்) முன்னால் நிறுத்துவது, படிப்பதற்குத் தகுதிச் சான்று கேட்பதற்காக அன்று. அவை இல்லாத இடத்தில் வாக்கியம் வெறும் வாக்கியமாகவே தங்கிவிடும்.

வித்யாரண்யர் பஞ்சதசியில் இந்தக் கதைக்கு ஓர் அழகான பின்குறிப்பு தருகிறார். பத்தாவது ஆள் கிடைத்துவிட்டான் என்று அறிந்த அந்தக் கணமே அழுகை நின்றுவிடுகிறது. தலையில் அடித்துக்கொண்டதால் ஏற்பட்ட புண் மட்டும் ஒரு மாதத்தில் மெல்ல மெல்ல ஆறுகிறது. இதைச் சொல்லத் தயங்கினேன், ஏனென்றால் ஒவ்வொரு முறை கோபப்படும்போதும் 'இது பழைய புண்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இது நல்ல சாக்காகிவிடும். அழுகை நின்றதா என்பதுதான் முதல் கேள்வி.

கடைசியாக, நீங்கள் பாதியில் நிறுத்தியிருக்கும் சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தைத் தயவுசெய்து அவசரப்படாமல் வாசியுங்கள். சுவேதகேது 12 வயதில் குருகுலம் போய், 24 வயதில் எல்லா வேதங்களையும் கற்றுக்கொண்டு, பெரிய மனிதன் என்ற நினைப்போடு வீடு திரும்புகிறான். நம்மைப் போன்ற வாசகர்களுக்கான கதாநாயகன் அவன்தான். தந்தை உத்தாலகர் அவனுக்குப் புதிய நூல் எதையும் கொடுக்கவில்லை. தேனைக் காட்டுகிறார், ஆறுகளைக் காட்டுகிறார், ஆலம்பழத்தைப் பிளந்து விதையைப் பிளக்கச் சொல்கிறார், உப்பை நீரில் போட்டு மறுநாள் காலையில் எடுத்துவரச் சொல்கிறார். 'அது நீ' என்ற ஒரே வாக்கியத்தை ஒன்பது முறை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அவன், 'மீண்டும் எனக்கு விளக்குங்கள்' என்று கேட்கிறான். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் கேட்காத ஒரு கேள்வியை அவன் அன்று கேட்கத் தொடங்கினான் என்பதாகவே எனக்குத் தோன்றும்.


அண்ணாமலையடி:

கூடல்நகர் அவர்களின் விளக்கம் நன்று. எனினும், நூல் இல்லாமல் இது நடக்கவே நடக்காது என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1896ஆம் ஆண்டு ஜூலை மாதம் மதுரையில், 16 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் மரண பயம் வந்து தரையில் படுத்து, 'இறப்பது எது' என்று தனக்குள் பார்த்த நிகழ்ச்சியை நாம் எல்லோரும் அறிவோம். அதுவரை அந்த மாணவராகிய பகவான் ரமணர் படித்திருந்த சமய நூல் என்றால் பெரிய புராணத்தைத்தான் சொல்ல வேண்டும். உபநிடதமோ பாஷ்யமோ அவர் கண்ணில் பட்டதில்லை. பிரம்மம் என்ற சொல்லைக்கூடத் தாம் அப்போது கேட்டதில்லை என்றும், பின்னர் திருவண்ணாமலையில் ரிபு கீதை முதலிய நூல்களைக் கேட்டபோது, தாம் பெயரின்றி உணர்ந்திருந்ததை அவை பகுத்துப் பெயரிட்டுச் சொல்வதைக் கண்டதாகவும் அவரே கூறியிருக்கிறார். அங்கே அனுபவம் முன்னால் வந்தது, நூல் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

சிவப்பிரகாசம் பிள்ளை 1901-02 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்' என்ற சிறு நூலாயின. அதில் நூல் வாசிப்பைப் பற்றி வரும் பகுதி உங்கள் கேள்விக்கு நேரான விடை. மனத்தை அடக்க வேண்டும் என்பதே எல்லா நூல்களின் முடிவான கருத்து என்று தெரிந்துகொண்ட பிறகு, அளவின்றிப் படித்துக்கொண்டே போவதில் பயன் இல்லை. அடக்க வேண்டிய மனம் உள்ளே இருக்கிறது. தான் இருப்பது உடல் முதலான ஐந்து கோசங்களுக்குள் (உறைகளுக்குள்). நூல்களோ அவற்றுக்கு வெளியே. ராமன் தன்னை ராமன் என்று அறியக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கற்றது அனைத்தையும் ஒரு காலத்தில் மறக்க வேண்டி வரும் என்றும் சொல்லி வைக்கிறார்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். அதன் பிறகு நான் படித்தது நாளிதழ்தான், ஆன்மாவை அன்று. இப்படிச் சொன்ன அதே ரமணர்தாம் விவேக சூடாமணியைத் தமிழ் உரைநடையில் தந்தார். கீதையைச் சுருக்கமாகக் கொள்ள விரும்பியவர்களுக்காக 700 சுலோகங்களிலிருந்து 42ஐத் தேர்ந்து வரிசைப்படுத்திக் கொடுத்தார். ரிபு கீதையின் தமிழ் வடிவத்தைப் பொருள் புரியாவிட்டாலும் பாராயணம் செய்து வரும்படி சொன்னார். தமக்கு வேண்டாத கிணற்றை ஊருக்காகத் தூர் வாரி வைத்தவர் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் பொதுச்சுவர்ச் சண்டைக்கு ஒரு சொல். கோபத்தின் நடுவே சுலோகம் நினைவுக்கு வந்தது என்றீர்கள். அது குறையாகவே இருக்க வேண்டியதில்லை. அந்தச் சுலோகம் நினைவில் நின்றபோது அதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார், கத்திக்கொண்டிருந்தது யார் என்ற விசாரத்துக்கு அங்கே ஒரு நூலிழை இடைவெளி கிடைத்திருக்கிறது. சுலோகத்தைக் கோபத்தின் மேல் ஊற்றி அணைக்கப் பார்த்திருப்பீர்கள். 'இந்தக் கோபம் யாருக்கு' என்று கேட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல நான் யார்.


மெய்கண்டநெறி:

ஐயா அவர்களுக்கு வணக்கம். வேதமும் வேதாந்தமும் மட்டுமே சாஸ்திரம் என்பது போல் உரையாடல் போகிறது. வேதமும் ஆகமமும் இறைவன் நூலே என்றும், ஒன்று பொது, மற்றொன்று சிறப்பு என்றும் திருமூலர் சொல்லி வைத்திருக்கிறார். தமிழில் சைவ சித்தாந்தம் சொல்லும் பதினான்கு மெய்கண்ட சாத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் தலைமை நூலான சிவஞான போதம் 12 சூத்திரங்கள், 40 வரிகள்தாம். பதவுரையின் கையைப் பிடித்து நடப்பவருக்கு, தம் தாய்மொழியில் மூலமே கிடைக்கும்போது அதையும் ஒரு முறை திறந்து பார்க்கலாம் அல்லவா?

எட்டாம் சூத்திரம் நீங்கள் கேட்பதைப் பற்றியதுதான். அரசகுமாரன் ஒருவன் சிறு வயதிலேயே வேடர்களிடம் சிக்கி, அவர்களோடு வளர்ந்து, தானும் வேடன் என்றே எண்ணியிருப்பது போல, உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்து கிடக்கிறது. அதன் தவம் முதிர்ந்தபோது இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான். உணர்ந்த உயிர் வேடரை விட்டு அரன் கழலைச் சென்று அடைகிறது. இதே கதையைச் சங்கரரும் பிருகதாரண்யக பாஷ்யத்தில் எடுத்தாள்கிறார் என்பதைக் கூடல்நகர் அறிவார். கதை ஒன்று, பொருள் வேறு. அங்கே 'நீ அரசகுமாரன்' என்ற சொல் விழுந்தவுடன் வேடன் என்ற எண்ணம் நீங்கி, அவன் எப்போதும் இருந்தபடியே இருக்கிறான். இங்கே சொல்லுக்கு முன்னால் தவம் இருக்கிறது, சொல்பவன் முதல்வனே என்கிற நிபந்தனை இருக்கிறது, கேட்ட பிறகு எழுந்து நடந்து போக வேண்டிய தூரமும் இருக்கிறது. 'செலுமே' என்று சூத்திரம் முடிவதைப் பாருங்கள். தந்தையின் அடியை அடைகிறான்; தந்தையே ஆகிவிடுவதில்லை. இந்த இடத்தில் நானும் அவரும் உடன்பட மாட்டோம். உடன்பட வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று. பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் மைத்திரேயிக்கு, ஆன்மாவைக் காண வேண்டும், அதற்காகக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், ஆழ்ந்து தியானிக்க வேண்டும் என்று சிரவணம், மனனம், நிதித்தியாசனம் ஆகிய மூன்றைச் சொல்கிறார். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் 'கேட்டலுடன் சிந்தித்தல் தெளிதல் நிட்டை' என்று நான்காக எண்ணுகிறார். சிந்தித்தலுக்கும் நிட்டைக்கும் நடுவே தெளிதல் என்று ஒரு படியைத் தனியாக நிறுத்திய அந்தக் கூர்மை என்னை எப்போதும் வியக்க வைக்கும். சேற்று நீரைக் குடத்தில் எடுத்து வைத்தால் உடனே தெளியாது. கலக்காமல் வைத்தால்தான் தெளியும். ஆறு ஆண்டுகளில் கீதையை மூன்று முறை, நான்கு உபநிடதங்கள், ஐந்தாவதில் பாதி என்று நீங்கள் கணக்குச் சொன்னபோது, ஒன்று தெளியும் முன்பே அடுத்த குடத்தை ஊற்றியிருக்கிறீர்களோ என்று எனக்குப் பட்டது. பெரியவரிடம் இப்படிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நூலறிவைச் சைவ சித்தாந்திகளாகிய நாங்கள் பாச ஞானத்தில் வைப்போம். சொல்லும் பொருளுமாகிய மாயையின் வழியாக வருகிற அறிவு அது. தன்னையே முதல் என்று எண்ணும் பசு ஞானம் (உயிரின் அறிவு) அதற்கு அடுத்த ஆபத்து. பதியை, அதாவது இறைவனைக் காட்டுவது பதி ஞானமே, அது அருளால் வருவது. அதற்காகப் பாச ஞானத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஏணியைப் பழிப்பவன் தரையில்தான் இருப்பான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தாயுமானவர் நினைவுக்கு வந்து என் கையைப் பிடிக்கிறார். கல்லாத பேர்களே நல்லவர்கள் என்று தொடங்கும் பாட்டில், ஒருவன் ஞானம் என்றால் நான் கர்மமே முக்கியம் என்பேன், அவன் கர்மம் என்றால் நான் ஞானம் என்பேன், வடமொழி வல்லவன் வந்தால் தமிழில் எல்லாம் இருக்கிறது என்று வாதிடுவேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனங்களைச் சிறிது எடுத்து விடுவேன் என்று தம்மையே குற்றவாளியாக்கிப் பாடுகிறார். மேலே என் முதல் பத்தியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.


சன்னல்_ஓரம்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் சிறிய அனுபவம் ஒன்று. இரண்டு ஆண்டுகள் அலுவலகப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் உபநிடதச் சொற்பொழிவுகளைக் கைப்பேசியில் கேட்டேன். நூற்றுக்கணக்கான மணி நேரம் இருக்கும். பிறகு எங்கள் பகுதியில் ஐந்து பேர் கூடி வாரம் ஒரு மந்திரம் வாசிக்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாள், ஈசாவாஸ்யத்தின் முதல் மந்திரத்தைச் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள் என்றார்கள். மொத்தமே 18 மந்திரங்கள் உள்ள உபநிடதம், அதில் எல்லோருக்கும் தெரிந்த முதல் மந்திரம். 'துறந்து அனுபவி' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எதைத் துறப்பது, எதை அனுபவிப்பது என்று ஒரு முறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சிரவணம் என்பது காதில் விழுவது அன்று என்று அதன் பிறகு ஆசிரியர் சொன்னார். யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்து திருப்பிக் கேட்டால்தான் இது நடக்கும் போலும், ஐயா. தனியாகப் படிக்கும்போது நாம் எல்லோருமே நன்றாகப் புரிந்துகொள்கிறோம்.


பொருநைவாசி:

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு நாள் வைத்துப் படித்தேன். மெய்கண்டநெறி அவர்களே, பொறுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குடங்களை எண்ணியது உண்மைதான். கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு எண்ணாமல் எதையும் செய்ய வராது.

கூடல்நகர் அவர்கள் சொன்னபடி சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு, அப்படியே ஏழாவதற்குள் நுழைந்தேன். அங்கே நாரதர் சனத்குமாரரிடம் வந்து, தாம் படித்தவற்றையெல்லாம் பட்டியல் போடுகிறார்: நான்கு வேதங்கள், இதிகாச புராணம், கணிதம், தருக்கம், நட்சத்திர வித்தை, பாம்பு வித்தை என்று மூச்சு வாங்கும் பட்டியல். கடைசியில், 'நான் மந்திரங்களை மட்டும் அறிந்தவன், ஆன்மாவை அறிந்தவன் அல்லேன். ஆன்மாவை அறிந்தவன் துயரைக் கடக்கிறான் என்று உங்களைப் போன்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். நானோ துயரப்படுகிறேன்' என்கிறார். என் முதல் பதிவை நாரதரே எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு எதிரே ஒரு சனத்குமாரர் இருந்தார் என்பதுதான் வேறுபாடு.

அங்கேதான் என் இடையூறு. எங்கள் ஊரில் பாடம் சொல்பவர் யாரும் இல்லை. முண்டகம் வேதமும் கற்ற, பிரம்மத்திலும் நிலைத்த குருவிடம் சமித்தை (வேள்விச் சுள்ளியை) கையில் எடுத்துக்கொண்டு போ என்கிறது. சமித்து கிடைக்கும். மற்றது? அதுவரை எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது? முக்திகோபநிடதம் மாண்டூக்கியம் ஒன்றே போதும் என்று சொல்வதாக ஓர் உரையில் பார்த்தேன். 12 மந்திரங்கள்தானே என்று எடுத்தேன். நான்காம் நாள் மூடி வைத்துவிட்டேன்.


கூடல்நகர்:

மூடி வைத்தது நல்லது. முக்திகை அப்படிச் சொல்வது உண்மையே. ஆனால் அதே இடத்தில், அதனால் ஞானம் வராவிட்டால் பத்து உபநிடதங்களைப் படி, அதற்கும் மேல் வேண்டுமானால் 32, பிறகு 108 என்று படிக்கட்டை நீட்டிக்கொண்டு போகிறது. அந்த வரிசையின் குறும்பை நான் மிகவும் ரசிப்பேன்: தகுதி மிகுந்தவனுக்குப் பன்னிரண்டு மந்திரம், நமக்கு நூற்றெட்டு உபநிடதம். மாண்டூக்கியத்தைக் கௌடபாதரின் காரிகைகள் (விளக்கச் செய்யுள்கள்) இல்லாமல் தனியே படிப்பது கடினம், காரிகைகளோ ஆசிரியர் இல்லாமல் தலையைச் சுற்ற வைக்கும்.

என் யோசனை, நீங்கள் சில காலம் தமிழிலேயே இருங்கள். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் ஒரு குருவும் ஒரு சீடனும் பேசிக்கொள்ளும் நூல். தத்துவ விளக்கப் படலம் முதலில் வருகிறது, அதைவிட நீளமானது இரண்டாவதான சந்தேகம் தெளிதற் படலம். புரிந்துவிட்டது என்று தலையாட்டிய சீடனுக்கு அதற்கும் மேல் எத்தனை சந்தேகம் வரும் என்பதை அறிந்த ஒருவர் எழுதிய நூல் அது. உங்களுக்கு வரும் கேள்விகளில் பலவற்றை அந்தச் சீடன் உங்களுக்கு முன்னாலேயே கேட்டிருப்பான். ஆசிரியருக்கு இது மாற்று ஆகாது. காந்தார தேசத்துக்காரன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்ட உவமையை இப்போது படித்திருப்பீர்கள். ஒருவர் கட்டை அவிழ்த்துவிட்டு, 'காந்தாரம் இந்தத் திசையில்' என்று கை காட்டுகிறார். அதன் பிறகு அவன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்கிறான். அவிழ்ப்பவர் வரும் வரை காட்டில் கூவிக்கொண்டிருந்தவன் அவன். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது.

நூலை எப்போது விடுவது என்பதற்கு அமிர்தபிந்து உபநிடதம், தானியம் வேண்டுபவன் வைக்கோலை விடுவது போல என்று சொல்கிறது. வைக்கோலை விடுவது கதிரடித்த பிறகு.


பொருநைவாசி:

கைவல்ய நவநீதத்தை எடுத்துவிட்டேன். சன்னல்_ஓரம் அம்மா சொன்னது உறைத்ததால், நாளொன்றுக்கு நான்கு பாடல்களுக்கு மேல் போவதில்லை என்றும், பொருளை ஒரு நோட்டில் என் சொற்களில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு என்பது இப்போது இரண்டாகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு சொல் விளக்கம். நீங்கள் சுட்டிய கடம் 1.2.24ஐ என்னிடம் உள்ள இரண்டு உரைகளிலும் பார்த்தேன். கடைசி அடியில் 'பிரக்ஞானேன' என்று வருகிறது. ஓர் உரை, இத்தகையவன் 'அறிவினாலும்' இதை அடையான் என்கிறது. மற்றொன்று, இத்தகையவன் அடைய மாட்டான், ஆனால் மற்றவன் 'அறிவினாலேயே' அடைவான் என்று விரிக்கிறது. ஒன்று அறிவைத் தள்ளுகிறது, மற்றது அறிவையே வழியாக்குகிறது. எது சரி?


கூடல்நகர்:

மந்திரத்தில் உள்ளது ஒரே எதிர்மறை வாக்கியம்தான், ஆகையால் முதல் உரை சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இரண்டாவது உரை சங்கரரைப் பின்பற்றுகிறது. அவர் எதிர்மறையை முடித்த பிறகு அதன் மறுபக்கத்தையும் எடுத்துச் சொல்கிறார்: தீய நடத்தையிலிருந்து விலகி, புலன்களின் அலைச்சல் ஓய்ந்து, மனம் ஒருமைப்பட்டு, அந்த ஒருமைப்பாட்டின் பலனிலும் ஆசை தணிந்து, ஆசிரியரையும் உடையவன் எவனோ, அவன் அறிவினால் அடைகிறான் என்று. அறிவே வழி என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. நடத்தையும் அமைதியும் அந்த அறிவு நிற்பதற்கான தரை. 'ஆசிரியரை உடையவன்' என்ற சொல்லை மட்டும் மந்திரத்தில் தேடாதீர்கள், ஐயா. அது பாஷ்யத்தில் இருப்பது.